முதல் மூன்று அளவுகள்

எலிக்கு ரத்த அழுத்தத்தை வாலில் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால், "கல்கத்தாவுல என்ன வேல பாக்க?" என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் முதலில் ஆர்வமாகத்தான் விளக்கினேன். எலியை ஒரு குழாய்க்குள் விட்டு, வாலை மட்டும் வெளியே எடுத்து, அதில் மோதிரம் போல ஒரு பட்டையை மாட்டி, காற்றடித்து இறக்க வேண்டும் என்பேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து அலுத்துப்போய், பிறகு "லேப்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். டாக்டர் பட்டம் வாங்கின பெண் எலி வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதில் அவர்களுக்குப் பெருமை இல்லை. சில வருடங்களில் எனக்கும் அது இல்லாமல் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன். எங்கள் வேலை இதுதான். எலியின் வயிற்றைத் திறந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு சின்ன வெள்ளிக் கிளிப்பைப் போட்டு மூடிவிடுவோம். சில வாரங்களில் எலிக்கு அழுத்தம் ஏறும். அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடதுபக்கச் சுவர் தடிக்கும். மூட்டை தூக்குகிறவனுடைய புஜம் தடிப்பதைப் போல முதலில் அது நல்லதாகவே தெரியும். அப்புறம் சதைக்கு நடுவில் நார் விழ ஆரம்பிக்கும். நார் விழுந்த இதயம் விறைத்துப்போகும், சரியாக விரியாது, ஒருநாள் தள்ளவும் முடியாமல் போகும். இதயம் இப்படித் தன்னையே மாற்றிக் கட்டிக்கொள்வதற்கு ரீமாடலிங் என்று பெயர். எங்கள் எதிர் பிளாட்டில் இருந்த வங்காளி மாமி, மாஷிமா, இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, சமையலறையை இடித்துக் கட்டுவதற்கும் இதைத்தானே சொல்கிறார்கள் என்றார். ஆமாம் என்றேன். இடிப்பது மட்டும் கிடையாது, உள்ளே குடியிருந்துகொண்டே கட்டுவது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இதயமும் அப்படித்தான். ஒரே நாளில் எதுவும் ஆகாது. அதனால் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு எலிக்கும் அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது எலி, நாற்பது வால். வால் சூடாக இருந்தால்தான் உள்ளே ரத்தம் நன்றாக ஓடும், கருவி அளக்கும். வெளிநாட்டில் இதற்கென்று சூட்டுப்பெட்டி வைத்திருப்பார்கள். கல்கத்தாவின் மே மாதத்தில் எங்களுக்கு அந்தச் செலவு கிடையாது. மின்சாரம் போய், மின்விசிறி நின்று, எலியும் நானும் ஒன்றாகச் சூடேறிக்கொண்டிருப்போம். மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குழாய்க்குள் போன எலி பயந்துபோயிருக்கும். பயத்தில் எடுக்கிற முதல் அளவுகள் எக்கச்சக்கமாக ஏறி நிற்கும். அது அடங்குகிற வரை காத்திருந்து, அதன்பிறகு வருவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் துறைத்தலைவர், நாங்கள் எல்லோரும் ஸார் என்று கூப்பிடுகிறவர், இதை ஒரு மந்திரம்போல வைத்திருந்தார். "ப்ரொதொம் தின்டே ஃபேலே தாவ்." முதல் மூன்றைத் தூக்கி எறி. புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் முதல்நாளே இதைச் சொல்வார். சேர்ந்த ஒரு வருடத்தில் எனக்கு அது கையிலேயே படிந்துவிட்டது. பேனாவைத் திறப்பதே நாலாவது அளவுக்குத்தான்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். கிடர்பூரில் கப்பல் சரக்கு இறங்குகிற இடத்தில் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது மாற்றலாகி வந்தவர், அங்கேயே ஓய்வும் பெற்றார். நாங்கள் டாக்குரியாவில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ஓய்வுபெற்ற மறுமாதமே ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பழைய ஆட்களோடு சண்டைபோடப் பழைய இடத்துக்கே பஸ் ஏறிப் போனார். லாரிக்காரனிடம் கத்தி, கஸ்டம்ஸ் ஆபீசில் கத்தி, கை வண்டிக்காரனிடம் கத்தி, இருட்டும்போது வீட்டுக்கு வந்து எங்களிடம் மட்டும் கத்தமாட்டார். சாதுவான மனிதர் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

ஓய்வுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு ப்ரெஷர் இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்து, வாராவாரம் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வரிசை என்றாலே ஆகாது.

"அவன் பட்டயக் கட்டி இறுக்குத இறுக்குல இல்லாத ப்ரெஷரும் வந்துரும்" என்றார்.

"வீட்டுலயே இதுக்குன்னு படிச்சவ இருக்கா. அங்க போயி லைன்ல நிக்கணுமாக்கும்" என்றாள் அம்மா.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் பாதரசம் வைத்த பி.பி. மெஷின் ஒன்று வாங்கினேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. ஊரில் யாருக்கும் விளங்காத என் வேலை வீட்டில் ஒருவருக்காவது உபயோகப்படுகிறதே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அப்பா குளித்து, விபூதி பூசி, நாற்காலியில் உட்காருவார். பேசக்கூடாது, பேப்பர் பார்க்கக்கூடாது, காப்பி அப்புறம்தான். கால் மணி நேரம் கண்ணை மூடி இருக்கச் சொல்வேன். அம்மா சமையலறையில் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். பிறகு பட்டையைக் கட்டி அளப்பேன். நூற்று எழுபது வரும். நான் முகத்தை மாற்றிக்கொள்ளமாட்டேன். இரண்டாவது, நூற்று அறுபத்தைந்து. மூன்றாவது, நூற்று ஐம்பத்தெட்டு. அதற்குப்பின் பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரும். நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றின் சராசரியை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவேன். நூற்று முப்பத்தாறு. நூற்று முப்பத்திரண்டு. அழகான கையெழுத்தில், பக்கம் பக்கமாக.

யாராவது கேட்டிருந்தால், அவர் பயம் தெளிகிறவரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு என்னிடம் என்ன பயம்? அந்தக் கேள்வி ஏழு வருடத்தில் ஒருதடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்துத் தெரு டாக்டரிடம் போவோம். வயதானவர், நல்லவர், கூட்டம் அதிகம். முதல்முறை அவர் பட்டையைக் கையில் எடுத்தபோது நான்தான், வேண்டாம் டாக்டர், உங்களைப் பார்த்ததும் அவருக்கு ஏறிவிடும், இதில் எல்லாம் இருக்கிறது என்று நோட்டை நீட்டினேன். என் வேலை என்னவென்று தெரிந்ததும் அவர் பட்டையை வைத்துவிட்டார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்று மற்ற நோயாளிகளுக்கு என் நோட்டைக் காட்டினார். அந்தச் சமயம் அப்பா எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது, கணுக்கால் வீங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் நோட்டைப் புரட்டினார். எண்கள்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதெல்லாம் மாத்திரை கூடிப்போனதால்தான், பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார். அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். திரும்பி வரும்போது அம்மாவுக்கு மிஷ்டி தொய், அந்த ஊர் இனிப்புத் தயிர், வாங்கினோம், மண்சட்டியோடு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து லேப்பில் ஒரு விஷயம் நடந்தது. கிளிப் போடாமல், வெறுமனே வயிற்றைத் திறந்து மூடிய எலிகள் என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. அவற்றுக்கு அழுத்தம் ஏறக்கூடாது, ஏறவும் இல்லை. ஆனால் கடைசியில் இதயத்தை எடுத்து எடைபோட்டபோது அதில் மூன்று எலிகளின் இதயம் கனமாக இருந்தது. சீவி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மஞ்சள் சதைக்கு நடுவே சிவப்புச் சிவப்பாக நார். யாரோ கூண்டை மாற்றி வைத்திருப்பார்கள் என்று இரண்டு நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். கூண்டு மாறவில்லை.

எங்கள் கருவி அளவுகளைக் காகிதச் சுருளில் கோடாக வரைந்துகொண்டே போகும். பழைய சுருள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தோம். அவற்றை இறக்கி, தூசு தட்டி, தரையில் விரித்துப் பார்த்தேன். அந்த மூன்று எலிகளுக்கும் வாராவாரம் முதல் மூன்று அளவுகள் கூரையைத் தொட்டிருந்தன. மற்ற எலிகள் இரண்டு மூன்று வாரத்தில் குழாய்க்குப் பழகிவிட்டன. இவை கடைசிவரை பழகவே இல்லை. சின்னச் சத்தத்துக்கும் அழுத்தம் எகிறுகிற பிராணிகள். குழாய்க்குள் கொஞ்சநேரம் வைத்திருந்தால் அடங்கும். கூண்டுக்குப் போனால் மறுபடி எகிறும். நான் அடங்கின நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். அவற்றின் இதயம் மிச்ச நேரம் முழுவதையும் எழுதிவைத்திருக்கிறது.

ஸாரிடம் சொன்னேன். அவர் சுருள்களைக் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல விஷயம், ஆனால் மூன்றே மூன்று எலியை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, மறுபடி செய் என்றார். மறுபடி என்றால் இன்னும் நாற்பது எலி, இன்னும் ஒரு வருடம். சலிப்பாக இருந்தாலும் ரொம்பநாள் கழித்து வேலையில் ஒரு ருசி தட்டியது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூட விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப அதுக பொல்லாத எலிகதான்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு அவர் கண்ணை மூடி உட்கார்ந்தார். முதல் மூன்றை விட்டுவிட்டு, நாலாவதிலிருந்து எழுதினேன்.

இதை எத்தனை தடவை யோசித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. தும்பை விட்டு வாலைப் பிடித்தவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். முட்டாள்தனம் என்றாலாவது ஒரு சமாதானம் இருக்கும். நான் முட்டாள் இல்லை. எலிக்கு ஒரு அறை, அப்பாவுக்கு ஒரு அறை என்று மண்டைக்குள் சுவர் கட்டி வைத்திருந்தேன். களைப்பும் ஒரு காரணம். லேப்பில் நாளெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஒரு நல்ல எண் வேண்டியிருந்தது.

அந்த வருடம் முழுக்க அப்பாவுக்கு மாடி ஏறினால் இரைத்தது. வயசாகிறது, புகை, தூசி என்றேன். தலைக்கு இரண்டு தலையணை கேட்டார். அம்மா மூன்றாவதையும் தைத்துப் போட்டாள். லேப்பில் ஒரு எலி மூச்சுக்கு இப்படித் திணறினால் அன்றைக்கே தனிக்கூண்டில் போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்பாவுக்கு மிளகுக் கஷாயம் கொடுத்தோம்.

காளிகாட் மெட்ரோ படிக்கட்டில் பாதியில் அவர் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த ஆபீஸ்காரர் டாக்ஸி வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். இந்தமுறை பக்கத்துத் தெரு டாக்டர் எங்களை ஒரு இதய நிபுணரிடம் அனுப்பினார். எக்கோ எடுத்தார்கள். திரையில் கறுப்பு வெள்ளையாக இதயம் அடித்துக்கொண்டிருந்தது. சுவரின் தடிமனை அளக்க அந்த டாக்டர் இரண்டு புள்ளிகள் வைத்தார். அவர் எண்ணைச் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தை நான் ஆயிரம்தடவை பார்த்திருக்கிறேன், இத்தனை பெரிய அளவில் பார்த்ததில்லை.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு அவரே அப்பாவின் கையில் பட்டையைக் கட்டி ஒருமுறை அளந்தார். நூற்று எண்பத்திரண்டு. நோட்டையும் பாதரசத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்த முதல் மூன்று எங்கே என்றார். எழுதவில்லை என்றேன். ஏன் என்றார்.

"நாங்கள் அப்படித்தான் செய்வோம்" என்றேன்.

"நாங்கள் என்றால் யார்?"

என் வேலையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன். நோட்டை மூடி மெதுவாக என் பக்கம் நகர்த்தி, "எலிக்கு இது சரி மேடம். எலி தினமும் ஆபீஸ் போய் வருவதில்லை" என்றார். வங்காளியில்தான் சொன்னார். முப்பது வருடம் கிடர்பூரில் இருந்த அப்பாவுக்கு வங்காளி தெரியாமல் இருக்குமா? அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக.

டாக்ஸியில் திரும்பும்போது டாக்குரியா பாலத்துக்கு முன்னால் ஏதோ கட்சி மிச்சில். கொடிகளும் கோஷமுமாக ஊர்வலம் போய்க்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அப்பாதான் முதலில் பேசினார்.

"இந்தத் தடிச்சது திரும்புமா? நீ எலிக்கு மருந்து குடுத்துப் பாத்தியே, திரும்பிச்சா?"

எத்தனையோ கருத்தரங்கில் என்னிடம் கேட்ட கேள்விதான். நீளமான பதில் வைத்திருந்தேன்.

"கொஞ்சம் திரும்பும்ப்பா. சதை திரும்பும். நார் திரும்பாது."

"எலிக்கா, மனுசனுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

அவர் தலையாட்டினார். சரக்குச் சேதாரத்தைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுப்பா" என்றேன்.

"தெரியும்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மாட்ட சொல்லாத."

"ஏன்ப்பா? சொல்லித்தான ஆகணும்."

"வேண்டாம். ஒம்மேல கோவப்பட்டு அவளுக்குப் பழக்கமில்ல. இந்த வயசுல போயி பழக வேண்டாம்."

சரி என்றேன். அவர் என்னிடம் வாங்கின சத்தியம் அது ஒன்றுதான்.

அப்பா வேலையை விட்டார். முழு மாத்திரை, கூட இன்னும் இரண்டு மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு. வாரம் ஒருமுறை கம்பவுண்டர் ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். லேப்பில் எனக்குத் தரவேண்டிய அந்த நாற்பது எலிகள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிப் பன்னிரண்டில் வந்து நின்றன. பன்னிரண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை. ஸார் ஓய்வுபெற்றுப் போனார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் மூன்றையும் எழுதுங்கள், தனிப் பத்தியில் எழுதுங்கள் என்பேன். எதற்கு என்று கேட்பார்கள். எழுதுங்கள் என்பேன்.

அப்பா நாலு வருடம் இருந்தார். கடைசி ஆறு மாதம் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தூங்கினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாஷிமா வந்திருந்தார். அம்மா அவரிடம் தன் அரைகுறை வங்காளியும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாம் இவளாலதான். இவ மட்டும் வாரந்தவறாம ப்ரெஷர் பாக்கலன்னா அவுக எப்பவோ போயிருப்பாக. டாக்டருக்கே இவ நோட்டுதான் பாடம்." மாஷிமா என் தலையைத் தடவிவிட்டார். நான் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போன காப்பியை முழுக்கக் குடித்தேன்.

மாஷிமா போனபிறகு அம்மா பீரோவைத் திறந்து பி.பி. மெஷினை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, கையை நீட்டினாள்.

"எனக்கும் நாலு நாளாத் தல கிறுகிறுன்னு இருக்கு. இனிமே எனக்கும் நீயே பாத்துரு."

அந்தக் கையைப் பார்த்தேன். "நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்மா" என்றேன்.

"டாக்டர் எதுக்கு? நீ பாரு."

"எனக்கு நேரமில்லம்மா. லேப்ல வேலை."

"அப்பாவுக்கு மட்டும் நேரம் இருந்துச்சு?"

நான் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அம்மா கையை மடக்கிக்கொண்டாள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அதன்பிறகு மாதாமாதம் கூட்டிக்கொண்டு போனேன். ஒருதடவைகூட நான் அவளுக்கு அளக்கவில்லை. அப்பாமேல் வைத்திருந்த பாசத்தில் பாதிகூட இவளுக்கு என்மேல் கிடையாது என்று மாஷிமாவிடம் சொல்லி அழுதாளாம். சாகும்வரை அம்மா அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.